வரையத் தெரியாதவருக்கு ஓவியத்தில் என்ன வேலை? டி.கே. சபாபதியை முன்வைத்து ஓர் இழை

17 மார்ச் 2024, மாலை (வாசகர் கேள்வி, சுங்கை சிப்புட், மலேசியா)

என் மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். கலை வரலாறு படித்து ஓவிய விமர்சகராக வேண்டும் என்கிறாள். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. மருத்துவம், சட்டம் என்றால் எனக்குப் புரியும். வரையத் தெரிந்தவன் வரைகிறான், தெரியாதவன் விமர்சகனாகிறான் என்பதுதான் என் எண்ணம். இந்தத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்த தமிழர் ஒருவரைக் காட்ட முடியுமா? காட்டினால் அவளைத் தடுக்க மாட்டேன்.

17 மார்ச் 2024, இரவு

காட்டுகிறேன். தியாகராஜன் கனக சபாபதி, அச்சில் டி.கே. சபாபதி. 1938-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பை அமெரிக்காவில் பெர்க்லியிலும் பின்னர் இலண்டனில் கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியிலும் தொடர்ந்தார். 1970-களில் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பிறகு சிங்கப்பூர் திரும்பி, தேசியப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையில் மாணவர்களுக்குக் கலை வரலாறு நடத்திக்கொண்டே ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் கண்காட்சி விமர்சனங்கள் எழுதினார். அவர் 1973 முதல் 2015 வரை எழுதியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ‘ரைட்டிங் தி மாடர்ன்’ என்னும் தொகுப்பு 2018-இல் வெளிவந்தது.

தடுக்க மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள், தம்பி. பதிவை அழித்துவிட வேண்டாம். நான் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

18 மார்ச், காலை

கேள்வியின் இரண்டாம் பாதியை நேற்று தொடவில்லை. வரையத் தெரியாதவன்தான் விமர்சகனாகிறான் என்பதற்கு எதிர்ச்சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது: ரெட்சா பியதாசா. 1939-இல் குவாந்தானில் பிறந்தார். இலண்டன் ஹார்ன்ஸி கலைக் கல்லூரியிலும் பின்னர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். ஓவியம், சிற்பம், அச்சுப்படம் என எல்லாவற்றிலும் கை வைத்தார். அதே கையால் கட்டுரைகளும் எழுதிக் குவித்தார். சபாபதியும் இவரும் சேர்ந்து எழுதிய ‘மாடர்ன் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆஃப் மலேசியா’ 1983-இல், மலேசிய அரசின் மொழி, இலக்கிய நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் வெளியீடாக வந்தது. மலேசிய ஓவியர்களைப் பற்றி ஏதாவது படிக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் இன்றும் நான் முதலில் சொல்லும் நூல் அதுதான்.

ஆக, நம் நாட்டின் கலை விமர்சனத்துக்கு அடிப்படை போட்ட இருவரில் ஒருவர் வரைந்தவர், மற்றவர் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். எது உயர்வு என்று கேட்டு என்னை வம்பில் மாட்ட வேண்டாம்.

18 மார்ச், மதியம்

பியதாசாவும் நம்மவர்தான் என்று கிள்ளானிலிருந்து எழுதிய அண்ணனுக்கு: அவர் தமிழர் அல்லர், சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர். பெருமைப்பட்டுக்கொள்ள நமக்கு ஆள் தேவைதான்; அதற்காக அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை.

20 மார்ச்

‘திறமை இருந்தால் யாரும் விமர்சகராகலாம், பட்டம் எதற்கு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குச் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபாபதியின் வாழ்க்கை தனிமனிதத் திறமையின் கதை மட்டும் அன்று. 1954-இல் மைக்கேல் சல்லிவன் என்னும் சீனக் கலை அறிஞர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்க வந்தார். அடுத்த ஆண்டே அங்கே ஒரு கலை அருங்காட்சியகத்தைத் தொடங்கி, பழைய பீங்கான்களோடும் சிற்பங்களோடும் அன்றைய மலாயா ஓவியர்களின் படைப்புகளையும் சேகரித்தார். பக்கத்துத் தெருவில் வாழும் ஓவியரின் படத்தைப் பல்கலைக்கழகம் காசு கொடுத்து வாங்கிப் பட்டியலிட்டு மாணவர் முன் வைப்பது அக்காலத்தில் சாதாரணச் செயல் அன்று. சபாபதி அந்தச் சூழலில் படித்த மாணவர்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். சல்லிவன் 1960-இல் புறப்பட்டுப் போனார். பல்கலைக்கழகம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என இரண்டாகப் பிரிந்தபோது அருங்காட்சியகச் சேகரிப்பும் பாகம் பிரிக்கப்பட்டது. 1970-களின் முற்பகுதியில் சிங்கப்பூரில் எஞ்சியிருந்த அருங்காட்சியகமும் மூடப்பட்டது. தாம் எந்தப் படிப்பால் உருவானாரோ அந்தப் படிப்புக்கே இடமில்லாத ஊருக்குத்தான் சபாபதி திரும்பி வந்தார். கலை வரலாற்றுக்குத் தனித் துறை இல்லாததால் கட்டடக்கலை மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார் என்பதை முதல் குறிப்பில் ஒரு வரியில் கடந்துவிட்டேன். அந்த வரிக்குள் ஒருவர் வாழ்நாளின் பெரும்பகுதி இருக்கிறது. சிங்கப்பூரில் கலை வரலாற்றுக் கல்வி எழுந்ததையும் விழுந்ததையும் பற்றி 2010-இல் அவர் ஒரு சிறு நூலே எழுதினார். அதற்கு ‘ரோட் டு நோவேர்’, எங்கும் போய்ச் சேராத பாதை, என்று பெயர் வைத்தார். தாம் நடந்து வந்த வழிக்கு இப்படிப் பெயர் சூட்டக் கசப்பு வேண்டும். கொஞ்சம் குறும்பும் வேண்டும்.

பட்டம் அவசியமா என்றால், ஓவியங்களை நேரில் பார்க்கும் வசதியும், பார்த்ததை எழுதியவுடன் ‘இது போதாது’ என்று திருப்பித் தரும் ஆசிரியரும் வேறு வழியில் கிடைத்தால் பட்டம் அவசியமில்லை. நம் ஊரில் அவை எங்கே கிடைக்கின்றன?

21 மார்ச்

என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓவியப் பாடமும் நடத்தினேன். ஓவியப் பாடம் என்றால், மழை பெய்து திடலுக்குப் போக முடியாத நாளில் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்து ‘உன் குடும்பம்’ வரையச் சொல்வது. அதற்கு மேல் என்னிடம் எவரும் எதிர்பார்க்கவில்லை. நானும் நீண்ட காலம் எதிர்பார்க்கவில்லை.

23 மார்ச்

சபாபதியின் பெயரை நான் முதலில் கண்டது 1979-இல், பயிற்சி ஆசிரியனாக இருந்தபோது. கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் அப்போது ஜாலான் அம்பாங்கில், இன்று சுற்றுலாத் தகவல் மையமாக இருக்கும் பழைய மாளிகையில் இயங்கியது. நன்யாங் ஓவியர்களின் மீள்பார்வைக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. உடன் படித்த நண்பன் வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று அழைத்ததால்தான் உள்ளே போனேன்.

நன்யாங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1938-இல் லிம் ஹாக் தாய் சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். சீனாவிலிருந்து வந்த ஓவியர்கள் சீன மை ஓவிய மரபையும் பாரிஸ் ஓவியத்தின் வண்ணத்தையும் கோணத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, தென்னை, கம்போங் (மலாய்க் கிராமம்) வீடு, மீனவர், சந்தை என இந்த மண்ணின் காட்சிகளை வரையத் தொடங்கினார்கள். 1952-இல் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் பாலித் தீவுக்குப் போய் வந்தனர். 1953-இல் அந்தப் பயணத்தின் படங்களைச் சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்தனர். இதெல்லாம் தனித்தனிச் செய்திகளாகப் பலருக்கும் தெரிந்திருக்கும். 1979 கண்காட்சியும் அதன் நூலில் பியதாசாவும் சபாபதியும் எழுதிய கட்டுரைகளும்தான் இவற்றை ஒரே இயக்கமாகச் சேர்த்துப் பார்க்கும் பார்வையை நிலைநிறுத்தின. இன்று சிங்கப்பூரில் ஒரு பள்ளிப் பிள்ளை ‘நன்யாங் பாணி’ என்று இயல்பாகச் சொல்கிறது என்றால், அதற்குப் பின்னால் சிலர் உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டு, ஆண்டு குறித்து, எதிலிருந்து எது வந்தது என்று எழுதிய உழைப்பு இருக்கிறது.

அன்று எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. சியோங் சூ பியெங்கின் பெண்கள் மட்டும் மனத்தில் தங்கினார்கள்: நீண்ட கைகள், நீண்ட கழுத்து, பாதாம் பருப்பு வடிவக் கண்கள். ‘இப்படி யாருக்கு ஐயா கழுத்து இருக்கும்’ என்று நண்பன் உரக்கக் கேட்டான். காவலர் எங்களை முறைத்தார். கண்காட்சி நூலை வாங்கப் பணமில்லை. நின்றபடியே புரட்டினேன். கட்டுரையின் தலைப்பில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டதும் பக்கத்தை மூட மனம் வரவில்லை. ஓவியத்தைப் பற்றி ஒருவர் இத்தனை பக்கம் எழுத முடியுமா, அதுவும் ‘அழகாக இருக்கிறது’ என்று ஓரிடத்திலும் சொல்லாமல், என்று வியந்தது நினைவிருக்கிறது.

24 மார்ச்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. கம்போங் வந்தது, மீனவர் வந்தார், பாலிப் பெண் வந்தாள். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் அணிவகுப்புக்கு) நின்று, தலைவிளக்கோடு பால்மரத்துக்குப் போன நம் ஆட்கள் எந்தச் சுவரில் இருந்தார்கள்? அன்று பார்த்ததில் ஒருவரையும் நான் கண்டதாக நினைவில்லை. இதற்குச் சபாபதியைக் குறை சொல்ல மாட்டேன். வரையப்படாத படத்துக்கு விமர்சகர் கட்டுரை எழுத முடியாது. ஆனால் ‘இந்த மண்ணின் காட்சி’ என்று எழுதும்போதெல்லாம் அது யாருடைய மண், யாருடைய காட்சி என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியை விமர்சகர்தான் முதலில் கேட்க வேண்டும். கேள்வி கேட்ட தம்பியின் மகள் கேட்கட்டுமே.

24 மார்ச், இரவு

‘இந்திய ஓவியர்களே இல்லையா’ என்று உடனே கேட்டுவிட்டார்கள். இருக்கிறார்கள். இராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்த சையத் தாஜுடீன் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். இராமாயணத்தைப் பெரிய திரையில் வரைந்தவர். பினாங்கில் 1941-இல் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் 1973-இல் சுற்றுச்சூழல் சீரழிவைப் பற்றி ஆவணத் தன்மை கொண்ட படைப்பைத் தேசியக் கலைக்கூடத்தில் வைத்தார்; 1986-இல் ரீகனையும் தாட்சரையும் வாயாங் கூலிட் நிழற்பாவைகளாக வரைந்தார். பத்திரிகையாளராகவும் பணியாற்றிய ஓவியர் ஜெ. அனுரேந்திராவும் இருக்கிறார். நான் கேட்டது ஓவியர்களின் இனத்தை அன்று, ஓவியத்துக்குள் தோட்டம் எங்கே என்பதை.

27 மார்ச்

கொசுவர்த்திக் கதையைச் சொல்லும்படி ஈப்போ அக்கா கேட்டிருக்கிறார். சொல்கிறேன், விமர்சகரின் தொழிலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1974-இல் பியதாசாவும் சுலைமான் ஈசாவும் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் எழுத்தாளர் மூலையில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் ஓவியம் எதுவும் இல்லை. பறவையைத் திறந்துவிட்ட வெற்றுக் கூண்டு இருந்தது. எத்தனை மணிக்குத் திறந்துவிட்டார்கள் என்பதும் எழுதப்பட்டிருந்தது. பலர் உட்கார்ந்து எழுந்த ஒரு நாற்காலி, பாதி குடித்து வைத்த இரண்டு கொக்கா கோலாப் புட்டிகள், முடிதிருத்தும் கடையிலிருந்து அள்ளி வந்த தலைமயிர், ஓர் இரவு முழுக்க எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள் ஆகியவையும் இருந்தன. மேற்கத்தியர் பொருளின் வடிவத்தைப் பார்க்கிறார்கள், நாம் அதற்குள் கடந்து போன காலத்தையும் நிகழ்வையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் உடன் வெளியிட்ட நீண்ட அறிக்கையின் சாரம். தொடக்க நிகழ்வின்போது கவிஞர் சாலே பென் ஜோனிட் அந்த அறிக்கையின் மேல் சிறுநீர் கழித்தார். மறு ஆண்டு டேவான் சாஸ்திரா என்னும் மலாய் இலக்கிய இதழில் அதற்கு விளக்கமும் எழுதினார். நம் கவியரங்குகளில் பின்வரிசையிலிருந்து இருமுவதோடு எதிர்ப்பு முடிந்துவிடுகிறது. ஒப்பிட்டால் நாம் மிகவும் மரியாதைக்காரர்கள்.

இதைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர் சிரிப்போம். எரிந்த கொசுவர்த்தி கலை என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு கலைக்கூடம் இருந்தது. அம்மா தினமும் காலையில் அதைக் கூட்டித் தள்ளினார். நானும் பல ஆண்டுகள் இப்படிச் சொல்லிச் சிரித்தவன்தான்.

சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்தால், அந்தக் கூண்டையோ சுருளையோ எண்ணெய் ஓவியம்போல வாங்கி மாட்டி வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காட்ட முடியாது. அறிக்கையும் புகைப்படங்களும், நேரில் பார்த்தவர் சொன்னதும், பிறகு வந்த கட்டுரைகளும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. பியதாசாவின் மொத்த வாழ்க்கைப் பணியையும் காட்டும் கண்காட்சியைத் தேசியக் கலைக்கூடம் 2001-இல் நடத்தியபோது அதற்கான நூலை எழுதியவர் சபாபதி. நண்பர், கூட்டாசிரியர், சேர்ந்து களத்தில் நின்றவர். அவரைப் பற்றியே விமர்சகராக எழுத வேண்டிய நிலை. அளந்து எழுதினால் நட்பு கசக்கும், அள்ளி எழுதினால் எழுத்து கெடும். பியதாசா 2007-இல் காலமானார்.

28 மார்ச்

‘சம்பளம் எவ்வளவு?’ என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார் கேள்வி கேட்ட தம்பி. தகப்பனின் கேள்வி.

விமர்சனம் எழுதி மட்டும் குடும்பம் நடத்த முடியாது. சபாபதி விரிவுரையாளராக வாழ்ந்தார், பியதாசாவும் கற்பித்தார். அமெரிக்க ஓவிய விமர்சனத்தின் பெருந்தலையாகப் பின்னாளில் ஆன கிளெமெண்ட் கிரீன்பெர்க், தம்மைப் புகழுக்குக் கொண்டுவந்த கட்டுரையை 1939-இல் வெளியிட்டபோது நியூயார்க்கில் சுங்கத் துறை எழுத்தராக வேலை பார்த்தார். நம் தோட்டத்துக் கிராணியும் எழுத்தர்தான். எங்கள் கிராணி ஓய்வு நேரத்தில் குதிரைப் பந்தயத் தாள் படித்தார். ஆளுக்கு ஆள் வேறுபடும்.

30 மார்ச்

கிரீன்பெர்க் பெயரை எடுத்தது தப்பாகப் போயிற்று என்று சொல்லும் அளவுக்கு அவரைப் பற்றியே கேள்விகள் வருகின்றன. ஒரு செய்தியோடு முடித்துக்கொள்கிறேன். டேவிட் ஸ்மித் என்ற சிற்பி 1965-இல் இறந்தபோது, அவர் விட்டுச் சென்ற படைப்புகளைக் காக்கும் பொறுப்பாளர்களில் ஒருவராகக் கிரீன்பெர்க் இருந்தார். சில உலோகச் சிற்பங்களின் மேல் இருந்த வண்ணம் அவர் காலத்தில் நீக்கப்பட்டது. ஒருகாலத்தில் அவர் வழியில் நடந்த ரோசலிண்ட் கிராஸ் 1974-இல் அதைப் பொதுவெளியில் அம்பலப்படுத்தினார். உலோகம் உலோகமாகவே தெரிய வேண்டும் என்பது போன்ற கொள்கைப் பிடிப்பு முற்றினால் விமர்சகர் சிற்பியின் வேலையையே திருத்தத் துணிந்துவிடுகிறார்.

அதிகாரம் உள்ள விமர்சகர் என்றால் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. எது நிலைக்கும், எது நிலைக்காது என்று தீர்ப்புச் சொல்ல அங்கே அருங்காட்சியகங்களும் வாங்குவோரும் இதழ்களும் ஏற்கெனவே இருந்தன. விமர்சகர் அவற்றின் காதில் பேசினார். இங்கே தேசியக் கலைக்கூடமே 1958-இல்தான் தொடங்கியது. சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகம் 1996-இல் திறந்தது. பட்டியல் இல்லாத இடத்தில் தீர்ப்புக்கு என்ன பொருள்? யார், எப்போது, எதை, எதைப் பார்த்து வரைந்தார் என்று முதலில் எழுதி வைக்க ஆள் வேண்டியிருந்தது. சபாபதியின் எழுத்தில் எனக்குப் பிடித்தது இந்தப் பொறுமைதான். பிடிக்காததும் ஒன்று உண்டு: அவருடைய ஆங்கில வாக்கியங்கள் சில நேரம் சுற்றிச் சுற்றி வருகின்றன, ஒரு பத்தியில் மூன்று முறை அதே வாசலுக்குத் திரும்புகிறார். அகராதியோடு படித்தேன், அகராதியை மூடிவைத்தும் படித்தேன். இரண்டாம் முறைதான் நன்றாகப் புரிந்தது.

2 ஏப்ரல்

‘எல்லாம் சரி ஐயா, நீங்கள் என்ன விமர்சித்தீர்கள்?’ என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பின்சுவரில் மதுரை வீரன் படம் ஒன்று இருந்தது. வரைந்தவர் எங்கள் லயத்திலேயே குடியிருந்த பால்வெட்டுத் தொழிலாளி. மதியம் பால் எடை போட்டு முடிந்த பிறகு வரைந்தார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். சிறுவயதில் அதன் முன்னால் கோலி விளையாடினோம். ஆசிரியரான பின்னர், தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு, அதன் பிறகு ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்கப்போவதாகப் பேச்சு எழுந்த காலத்தில், அந்தச் சுவர் இனி எத்தனை நாள் இருக்கும் என்ற எண்ணம் வந்தது. பள்ளிக்கூடத்து மர அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சபாபதியும் பியதாசாவும் எழுதியதைப் படித்த பழக்கத்தில், பார்த்ததை வரிசையாக ஒரு குறிப்பேட்டில் எழுதினேன்.

எழுதத் தொடங்கிய பிறகுதான் பார்க்கவே தொடங்கினேன். வண்ணங்கள் எல்லாம் தோட்டத்து ஸ்டோரில் கிடைத்தவை: கூரைக்கு அடிக்கும் சிவப்பு, கதவுப் பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, துணிக்குப் போடும் நீலம். மஞ்சள் எங்கும் இல்லை. நகைகூட வெள்ளையில்தான் இருந்தது. வீரனின் முகத்தில் நாட்காட்டிப் படங்களின் சாயல். ஆனால் குதிரை நாட்காட்டியிலிருந்து வந்தது அன்று. அதன் முதுகில் இருந்தது ஈப்போ பந்தயத் திடலில் காணும் சிறிய சேணம். அதன் கீழே எண் எழுதிய துணி. மதுரை வீரன் ஏழாம் எண் குதிரையில் வருகிறார்! இத்தனை ஆண்டுகள் கும்பிட்டும் விளையாடியும் அந்த எண்ணை நான் கண்டதில்லை. வரைந்தவர் எந்தக் குதிரையை நேரில் பார்த்தாரோ அதை வரைந்திருக்கிறார். தெய்வத்துக்குத் தெரிந்த குதிரை தமக்குத் தெரியாது என்பதில் அவருக்குத் தயக்கம் இருந்திருக்கலாம். தமக்குத் தெரிந்த குதிரையைக் கொடுத்துவிட்டார்.

இதைத் தமிழில் கட்டுரையாக எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன் கோயிலைப் புதுப்பித்தவர்கள் அந்தச் சுவரைப் பூசி, புதிதாகச் சுதைச் சிற்பம் வைத்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. சுவர் ஈரம் கண்டு உதிர்ந்துகொண்டிருந்தது உண்மை, அவர்கள் கேட்டது வேலை செய்ய ஆளும் பணமும். நான் கொண்டுபோயிருந்ததோ அளவுகோல்.

3 ஏப்ரல்

நேற்றைய குறிப்புக்குக் கடுமையான மறுப்பு ஒன்று வந்திருக்கிறது: ‘அது பக்தி, ஓவியம் அன்று, நன்யாங் ஓவியரோடு வைத்துப் பேசுவது அபத்தம்.’

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சியோங் சூ பியெங் ஒரு கோட்டைப் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தித் தமதாக்கியவர். எங்கள் ஆள் அந்த ஒரு சுவரைத் தவிர வேறெதுவும் வரைந்ததாக எவரும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கலாம். எந்தப் பொருளால் ஆனது, எதைப் பார்த்து வந்தது, எங்கே மரபை விட்டு விலகியது என்ற கேள்விகளைக் கேட்கப் படைப்பு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. பியதாசாவே 1980-களில் ‘மலேசியத் தொடர்’ என்று வரைந்தபோது எதை எடுத்துக்கொண்டார்? புகைப்பட நிலையங்களில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட பழைய குடும்பப் படங்களை. அவற்றை அச்சாக்கி அவற்றின் மேல் வண்ணம் சேர்த்தார். 1978-இல் அவர் செய்த ‘என்ட்ரி பாயிண்ட்ஸ்’ என்னும் படைப்பில், சியா யூ சியான் 1958-இல் வரைந்த ஆற்றுக் காட்சி ஓவியத்தையே நடுவில் பதித்து, கலைப் படைப்புகள் காலத்தில் இருப்பதில்லை, அவற்றுக்கு நுழைவாயில்கள்தான் உண்டு என்ற கருத்தை அதன் கீழ் எழுதினார். ஓவியரே விமர்சகரின் வேலையைத் திரைக்குள் செய்துவிட்டார்.

அந்த ‘நுழைவாயில்’ கருத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. சுவரைப் பூசிய பிறகு எந்த வாசல்? என் தாய்மாமன் திருமணப் படம் ஒன்றில், மாலையும் கழுத்துமாக நிற்கும் இருவருக்குப் பின்னால் குதிரையின் முன்காலும் எண் துணியின் ஓரமும் தெரிகின்றன. என்னிடம் இருக்கும் சான்று அது ஒன்றுதான். அதுவும் கருப்பு வெள்ளை.

6 ஏப்ரல்

பினாங்கு வாசகர் ஒருவர், சபாபதி சிங்கப்பூர்க்காரர், அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடக் கூடாது என்கிறார். 1938-இல் பிறந்தவருக்கு 1965-இல் வந்த எல்லையை எங்கே வரைவது? அவர் பினாங்கில் கற்பித்தார். கோலாலம்பூரில் நூல் வெளியிட்டார். தேசியக் கலைக்கூடம் 1994-இல் வெளியிட்ட ‘விஷன் அண்ட் ஐடியா’ என்னும், மலேசிய நவீன ஓவியத்தை மறுபடி பார்க்கும் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியரும் அவரே. கடப்பிதழைக் காட்டினால்தான் கட்டுரை படிப்பேன் என்பவர்கள் தாராளமாகக் காத்திருக்கலாம்.

9 ஏப்ரல்

தம்பி தனிச்செய்தியில் எழுதினார்: மகள் இந்த இழை முழுவதையும் படித்துவிட்டாளாம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறாளாம். பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

அம்மா, முதலில் கோலாலம்பூருக்கு ரயில் ஏறுங்கள். 1998 முதல் தேசியக் கலைக்கூடம் ஜாலான் தெமெர்லோவில் இருக்கிறது. பேட்ரிக் இங் கா ஆன் 1958-இல் வரைந்த, மண், நீர், காற்று ஆகியவற்றின் ஆவியைப் பற்றிய ஓவியம் அவர்கள் சேகரிப்பில் உள்ளது. அது காட்சியில் இருக்கிறதா என்று போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நடுவில் ஒருவர் கைகளை உயர்த்தி நிற்பார். சுற்றிலும் இலையும் கொடியும் மனித உருவங்களும் அடர்ந்திருக்கும். அதன் முன் நின்று, பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எழுதாமல், காண்பதை மட்டும் எழுதுங்கள். ‘அற்புதம்’, ‘ஆழம்’, ‘உயிரோட்டம்’ ஆகிய மூன்று சொற்களும் தடை. பார்த்தவுடன் பாலித் தீவு ஓவியம் நினைவுக்கு வந்தால், ஏன் வருகிறது என்று படத்துக்குள்ளேயே காரணம் தேடுங்கள். பேட்ரிக் இங் இருந்த ‘புதன்கிழமை ஓவியக் குழு’ 1952-இல் பீட்டர் ஹாரிஸ் தொடங்கியது. அதைப் பற்றிப் பிறகு படிக்கலாம், பார்ப்பது முந்தட்டும்.

தமிழில் எழுதுங்கள் என்று கட்டாயப்படுத்த மாட்டேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் வேலை கிடைக்கும், மலாயில் எழுதினால்தான் நாட்டில் படிப்பார்கள். தமிழில் எழுதினால் நான் படிப்பேன். கிள்ளான் அண்ணனும் படித்துவிட்டு யாராவது ஓர் ஓவியரைத் தமிழராக்குவார்.

10 ஏப்ரல்

1983 நூலின் என் படியை இரவல் தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அப்பாவோடு வீட்டுக்கு வரலாம். பென்சிலாலும் கோடு போடக் கூடாது. ஓரங்களில் ஏற்கெனவே போட்டிருக்கும் கோடுகள் என்னுடையவை. அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம்.